துக்க வீட்டுக்குப் போன வாழைமரம்

குளுவாங்

என் அண்ணன் பெற்று நான் வளர்த்த மகள் தேன்மொழிக்கு, மூன்று உலகத்துக்கும் ஒரே துணியில் பந்தல் போடும் வல்லமை படைத்த உன் சித்தப்பா அர்ச்சுனன் ஆசியோடு எழுதுவது. டப்ளின் குளிரில் உனக்குச் சளி காய்ச்சல் வராமல் நம் மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். இங்கே கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எறும்பு கொட்டாவி விடுவதுகூடத் தெரிகிறது, உன் சித்தி செல்வராணிக்கு முழங்கால் வலி, விடாத மழையில் கூடாரத் துணியெல்லாம் பூசணம் பிடிக்கிறது. உடம்பு சுகம்தான், மனசுதான் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன் சித்தப்பா" என்று வெட்டிவிடுவாய், கடிதத்தை வெட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு வந்தபோது என் பந்தல் கடை வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.ஐ. ஏஜென்டைக் குடிவைத்துவிட்டுப் போனாய். வருகிற ஆளிடம் அதுவே பேசும், லாரிப் பையன்களுக்கு அதுவே செய்தி அனுப்பும், நீங்க காலாட்டிக்கிட்டு டீ குடிங்க என்றாய். அதன் கையில் இரண்டு கருவிகள் கொடுத்தாய். ஒன்று முழுப் பந்தல் அனுப்புவது, வாழைமரம், சரவிளக்கு வளைவு, நாற்காலிக்கு ரோஜா நிறத் துணி, நாதஸ்வரம் வாசிக்கும் ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து. மற்றது வெறும் கூடாரமும் நாற்காலியும். கருவிக்குள்ளே என்ன இருக்கிறதென்று ஏஜென்டுக்குத் தெரியாது, பக்கத்தில் எழுதியிருக்கும் விளக்கத்தைப் படித்துத்தான் எதை எடுப்பதென்று முடிவு செய்யும் என்று நீதான் எனக்குப் பாடம் நடத்தினாய். அந்த விளக்கம் எழுதுவதுதான் அங்கே உன் உத்தியோகமே. நானும் லாயாங் லாயாங்கில் ஆரம்பித்து பெக்கான் நானாஸ் வரை ஊர் ஊராக, என் மகள் எழுதுகிற வரியைப் படித்துத்தான் உலகத்து இயந்திரமெல்லாம் மூச்சு விடுகிறது என்று அளந்துகொண்டு திரிந்தேன்.

நான் ஜொகூர் பாருவில் கண்ணில் கட்டோடு படுத்திருந்தேனே, அன்று சாயங்காலம்தான் உன் புஷ்பா அத்தை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சோறு போட்டு மடியில் தூங்க வைத்த அதே புஷ்பவள்ளிதான். அவள் புருஷன் செல்லப்பன் அழுதுகொண்டே என் நம்பருக்கு எழுதியிருக்கிறான், "புஷ்பா போயிட்டாடா, காலையில வீட்டுக்குக் கொண்டு வராங்க, பந்தல் போடணும்" என்று. உன் ஏஜென்ட் மகா மரியாதைக்காரன், ஆழ்ந்த அனுதாபங்கள் என்று சொன்னான், விடிந்ததும் பந்தல் வந்து சேரும் என்றான். சாவு என்று அவனுக்கு நன்றாகப் புரிந்துதான் இருக்கிறது. தான் எடுத்து அனுப்பியது கல்யாணப் பந்தல் என்பதுதான் புரியவில்லை. லாரியில் போனவர்கள் பங்களாதேஷ் பையன்கள், அவர்களுக்கு நம் வழக்கம் என்ன தெரியும், செய்தியில் இருந்ததை இறக்கிக் கட்டி விளக்கையும் பாட்டையும் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். செல்லப்பன் ஆஸ்பத்திரி வண்டியில் வந்து இறங்கும்போது வாசலில் குலை தள்ளிய வாழைமரம், கண் சிமிட்டும் வளைவு, கெட்டிமேளம். அதற்குக் கீழேதான் அவளை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

கண் கட்டைப் பிடித்துக்கொண்டு டாக்சியில் ஓடினேன். ஜொகூர் நீரிணையே கரைபுரண்டு வீட்டுக்குள் வந்ததுபோல் எல்லாரும் அழுகிறார்கள், செல்லப்பன் மட்டும் அழவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னான், "அர்ச்சுனா, எம்பொண்டாட்டிய ரெண்டாந்தடவ கல்யாணம் பண்ணி அனுப்பிட்டியேடா." என் முதல் லாரிக்குச் சக்கரம் மாட்டியவன் அவன். அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூலாயிலிருந்து வேறு ஆளை வைத்துக் கூடாரம் போட்டான், நான் கடைசி வரிசையில் அந்த அந்நியன் துணிக்கடியில் உட்கார்ந்து எழுந்து வந்தேன்.

இதை உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "சாரி சித்தப்பா, அது எட்ஜ் கேஸ், சரி பண்ணிடறேன்." எட்ஜ் கேஸ் என்றால் எப்போதாவது ஓரமாக நடக்கும் சங்கதி என்று விளக்கமும் கொடுத்தாய். சாவு எப்படியம்மா ஓரத்துச் சங்கதியாகும்? கல்யாணம் ஆகாத வீடு இருக்கிறது, சாவு விழாத வீடு எந்தக் கம்பத்தில், எந்த ஊரில் இருக்கிறது? கட்டு அவிழ்த்ததும் இந்தப் புதுக் கண்ணால் நான் முதலில் படித்தது நீ எழுதிய விளக்கத்தைத்தான். "வாடிக்கையாளர் முகவரிக்குப் பந்தல் அனுப்பும்." இரண்டு கருவிக்கும் அதே ஒரு வரி, ஒன்றிலிருந்து மற்றதில் ஒட்டியிருக்கிறாய். ஊரான் கம்பெனிக்கு ஒரு கருவிக்கு ஒரு பக்கம் எழுதுவேன் என்று பெருமை பேசினாயே, எனக்கு மட்டும் விமானம் ஏறப்போகும் அவசரத்தில் ஒரு வரியா?

நீ சரி பண்ண வேண்டாம், நானே எழுதிவிட்டேன். முதல் கருவிக்கு, இது கல்யாணப் பந்தல், வாழைமரமும் மேளமும் கூடவே போகும், நல்ல காரியத்துக்கு மட்டும் அனுப்பு, துக்க வீட்டுக்கு எக்காரணம் கொண்டும் அனுப்பாதே, என்ன விசேஷம் என்று அவர்கள் சொல்லவில்லை என்றால் கேட்டுவிட்டு அனுப்பு. மற்றதற்கு, இது வெறும் வெள்ளைக் கூடாரம், விளக்கு கிடையாது, பாட்டு கிடையாது, துக்கத்துக்கு இதுதான், அனுப்புவதற்கு முன் அர்ச்சுனனுக்குப் போன் போடு. அட அலமாக், இவ்வளவுதானே, இதற்கா படிப்பு?

ஞாயிற்றுக்கிழமை செல்லப்பன் வீட்டில் தனியாகத்தான் இருப்பான், கூப்பிட்டுப் பேசு, எட்ஜ் கேஸ் என்ற வார்த்தையை மட்டும் அவனிடம் எடுக்காதே. குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நூறு வருஷம் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. எனக்கும் ஒருநாள் வரும், நீ விமானம் பிடித்து வருவதற்குள் வாசலில் கூடாரம் நிற்க வேண்டும். முன்பென்றால் செல்லப்பன் வந்து நின்றிருப்பான். இப்போது உன் சித்திக்கு இருப்பது அந்த ஏஜென்ட் ஒருவன்தான், அர்ச்சுனனுக்குப் போன் போடு என்று நான் எழுதி வைத்திருக்கிறேன், அன்றைக்கு அவன் யாருக்குப் போடுவான்? அந்த இடத்தில் உன் நம்பரை நீயே எழுதிவிடு.

இப்படிக்கு,
உன்னைத் தோளில் தூக்கிச் சுமந்த சித்தப்பா,
அர்ச்சுனன்