அ.உ.

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். யார் கையையும் கடன் வாங்கவில்லை, என் கைதான். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சிரித்துக்கொண்டே படி. போனில் சொல்லியிருக்கலாம்தான். இந்த வயதில் எழுதக் கற்றுக்கொண்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? "ழ" மட்டும் இன்னும் என்னோடு சண்டை போடுகிறது.

நலமாக இருக்கிறேன். முழங்கால் வலி பழையபடிதான். நீ வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இங்கே பாலம் கட்டும் வேலை முடிந்துவிட்டது. நான் காவல் இருக்கும் ஒப்பந்தக்காரர் கிடங்கைக் காலி செய்கிறார்கள். வேலைக்காக அரசாங்கம் அவரிடம் கொடுத்துவைத்த பம்பு, ஜெனரேட்டர் எல்லாம் திரும்பப் போக வேண்டும். அவருடைய பொருளும் அரசாங்கப் பொருளும் கலந்து கிடந்ததால், ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்டில் அடையாளம் போடச் சொல்லி உத்தரவு வந்தது. முதலில் ஒப்பந்தக்காரர் பொருள்களில் ஸ்டோர்கீப்பர் "ஒ.உ." என்று எழுதினார். அர்த்தம் கேட்டேன். உடையவர் பேரோட முதல் எழுத்து, அடுத்தது உடைமை, அவ்வளவுதான் பெரியவரே என்றார்.

எனக்கு ஒரே குஷி. மீந்த பெயிண்டை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தேன். உன் அம்மாவின் தையல் மெஷினில், சக்கரத்துக்குக் கீழே, "அ.உ." என்று எழுதினேன். அம்மா உடைமை. சிலேட்டுக்கு வெளியே நான் எழுதிய முதல் எழுத்து அது. காய்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அரசாங்கத்துக்கும் அதே "அ" தான் என்று தோன்றவேயில்லை. மறுநாள் பம்பிலும் ஜெனரேட்டரிலும் அதையே எழுதினார்கள். அப்போதும் உறைக்கவில்லை. தெரிந்த எழுத்தாச்சே என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனேன்.

பொருள்களைச் சரிபார்க்க ஒரு அதிகாரி வந்தார். சின்ன வயசுப் பெண், மரியாதை தெரிந்தவர். வளாகத்தில் எல்லா அறையையும் பார்த்தாக வேண்டும் என்று என் அறைக்கும் வந்தார். மெஷினைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தார்ப்பாய் தைக்க அரசாங்கம் தையல் மெஷின்களும் கொடுத்திருந்ததாம். நான் விஷயத்தைச் சொன்னதும், பொருள் ஏற்ற வந்திருந்த லாரி டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தான். பெரியவரே, வீட்டுக்காரம்மாவையே அரசாங்கம் ஆக்கிட்டீங்களே என்றான். அதிகாரியும் சிரித்துவிட்டார். பிறகு, நான் நம்புறேன் ஐயா, ஆனா எழுத்து போட்ட பொருளை வாய்ப்பேச்சுல விட்டுட்டா, நாளைக்கு ஜெனரேட்டரையும் ஒருத்தர் தன் வீட்டுதுன்னு சொல்வார் என்றார். நியாயம்தானே.

முன்னாடியே மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சிருக்கலாமே என்று டிரைவர் என் காதைக் கடித்தான். நானே எழுதியதை நானே அழிக்கவா? அதுவும் உன் அம்மாவின் எழுத்தை?

அதிகாரி ஒரு வழி சொன்னார். உடையவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் தந்துவிடலாமாம். உங்களுதுதானே, இங்கேயே போடுங்க ஐயா என்று பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட எனக்கு எத்தனை ஆசை என்று உனக்குத் தெரியும். பேனாவை வாங்கியும் விட்டேன். அப்புறம், இது என்னுது இல்லைம்மா, என் மகளோடது என்று திருப்பிக் கொடுத்தேன்.

பொய் சொல்லவில்லை. மெஷின் உனக்குத்தான் என்று உன் அம்மா கண்மூடுவதற்கு முன் சொன்னாள். வந்து பார்க்க உனக்கு லீவு கிடைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இதை நான் உன்னிடம் முன்பே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் அம்மா பேச்சு எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, பார்.

மெஷின் அரசாங்கக் கிடங்குக்குப் போய்விட்டது. மாதக் கடைசி வரை வைத்திருப்பார்களாம். உடையவர் வராவிட்டால் அது அவர்களுடையதாகிவிடும். எனக்கும் இந்த அறை மாதக் கடைசி வரைதான். அது கிடக்கட்டும்.

நீ குறைவில்லாமல் இருக்க வேண்டும், கண்ணு. மெஷினுக்காகவாவது ஒரு தடவை வந்துவிட்டுப் போ. எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று மட்டும் எழுது. யாரையும் கேட்காமல் போர்டை நானே படித்து, நீ இறங்குகிற இடத்தில் நிற்பேன்.

உன்னை நினைத்தபடி,
அப்பா