கோவிந்தப்பாவின் கண்ணன் பாட்டு

டிசம்பர் 2006, சனிக்கிழமை. ஓசூர்.

பர்கூர் பஜனைக் குழுத் தலைவர் கோவிந்தப்பா, பேப்பரில் போட ஒரு செய்தி இருக்கிறது என்று கூப்பிட்டிருந்தார்; போய் வந்தேன். மார்கழி விடியலில் தெருத்தெருவாக அவர் பாடும் கண்ணன் பாட்டின் மெட்டை, ஒரு புதுப்படத்தில் குத்துப்பாட்டாக்கிவிட்டார்களாம்.

"நான் ஆரம்பிச்சா பின்னாடி வர்றவங்க சினிமா வரியப் பாடுறாங்க சார். திருட்டுன்னு பேப்பர்ல போடுங்க. அது வர்ற வரைக்கும் அந்தப் பாட்டத் தொட மாட்டேன்."

மெட்டு யார் போட்டது என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"எங்கப்பா. கன்னட டிராமா வந்தப்போ, ராஜகுமாரி பாடுன காதல் பாட்டுலருந்து எடுத்தாரு."

"அப்போ அது?"

"அது சாமிக்கு எடுத்தது சார்!" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பொய் சொல்கிறவர் முகம் அல்ல அது.

செய்தியை இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன். நாடகத்தைச் சேர்த்தால் ஊர் அவரைக் கேலி செய்யும். விட்டால் பாதிச் செய்தி. திருட்டு என்ற சொல்லை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த மெட்டை முணுமுணுத்தேன் போலிருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர், "படம் பாத்துட்டீங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். வேறென்ன சொல்வது?

விடிந்தால் பஜனை கிளம்பிவிடும், அந்தப் பாட்டு இல்லாமல்.