நல்ல உடம்பின் அளவு

சரக்குக் கலம் ஆழி-3, பூமி–செவ்வாய் வழித்தடம்
மருத்துவப் பதிவேடு. எழுதுபவர்: டாக்டர் ஜெசிந்தா மச்சாது

பயண நாள் 203. 08:10
கலத்தில் இருவர். விமானி செய்யது மீரான், மருத்துவர் நான். இருவருக்கும் முன்கையில் தோலுக்கடியில் ஒரு சிப் இருக்கிறது. இரத்தத்தில் டிரிப்சின் எவ்வளவு என்று அது நாள் முழுக்க அளக்கிறது. டிரிப்சின், கணையம் சுரக்கும் செரிமான நொதி. சுரக்கும்போது உறங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். குடலுக்குப் போன பிறகே விழிக்க வேண்டும். உள்ளேயே விழித்துக்கொண்டால் சோற்றை விட்டுவிட்டுக் கணையத்தையே செரிக்கத் தொடங்கும். இரத்தத்தில் அளவு ஏறுவதுதான் முதல் எச்சரிக்கை. சிப்பை வடிவமைத்தவள் நான். இன்று இருவருக்கும் பச்சை. மீரான் தன் பங்கு உப்புமாவோடு என் பங்கையும் தின்று தீர்த்தார். இதை எழுத விதியில்லை, எழுதுகிறேன்.

நாள் 204. 10:40
விமானி அறையிலிருந்து இன்டர்காமில் மீரான்: "டாக்டர், மேல்வயித்த புடிச்சி இழுக்கு. முதுகு வரைக்கும் போவுது. ஒங்க உப்புமாவத் தின்னதுக்குக் கூலியோ?"
சிப் பச்சை. அமிலம் குறைக்கும் மாத்திரை கொடுத்தேன்.

13:25
வலி குறையவில்லை. ஊசியில் இரத்தம் எடுத்து டிரிப்சின் அளவைச் சோதித்தேன். 190. பூமியில் இந்த வலியோடு 60-ஐத் தாண்டினாலே மருத்துவமனையில் சேர்த்து நரம்பில் நீர் ஏற்றிவிடுவார்கள். இங்கே சிவப்பு எரிய 240 வேண்டும். எடையற்ற நிலையில் நல்ல உடம்பிலும் டிரிப்சின் உயரும் என்று நிறுவிய ஆய்வு என்னுடையது.
பூமியில் உள்ள தளத்துக்குப் போகும் தினக்குறிப்பில் "இயல்பு" என்று பதிந்தேன். மீரானை ஓய்வெடுக்கச் சொன்னேன்.

நாள் 205. 06:15
சிவப்பு. 1,100. ஓயாத வாந்தி. இரத்த அழுத்தம் 80-க்குக் கீழே. நீர் ஏற்றத் தொடங்கிவிட்டேன். கணையம் வீங்கும் இந்த நோயில் முதல் நாள் ஏற்றும் நீர்தான் ஆளைக் காப்பாற்றும். நேற்று மதியமே தொடங்கியிருக்க வேண்டும். ஏறக்குறைய பதினேழு மணி நேரம் பறிபோய்விட்டது.

08:50
தளத்திலிருந்து: "நேத்து வரைக்கும் நார்மல்னு நீங்களே பதிஞ்சிருக்கீங்க டாக்டர். ஒரே நாள்ல இப்படி ஆகுதுன்னா, மீரான் குடிச்சாரா? லேப் ஸ்பிரிட் குறையுதான்னு பாருங்க."
குறைகிறது. மேசை துடைக்க நான் எடுத்தது, குறித்துவைக்க மறந்தது. "ஆம், 200 மில்லி குறைகிறது" என்று மட்டும் பதில் அனுப்பினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்தச் சாமர்த்தியம் எனக்கு இருக்கிறது.

நாள் 206. 11:00
இந்தப் பதிவேடு கலம் தரையிறங்கிய பிறகே தளத்தின் கைக்குப் போகும். இதைப் படிப்பவர் யாரானாலும் சரி, இனிச் சுற்றி வளைக்கப் போவதில்லை.
ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல உடம்பு வேண்டுமென்றால், கூட வேலை செய்பவர் யாராவது கையை நீட்டுவார். அது வழக்கம். சுற்றுப்பாதை ஆய்வகத்தில் ஆறு மாதம் இருந்தபோது நான் நீட்டினேன். அங்கே வேறு ஆள் இல்லை. ஆனால் என் கணையம் பதினாறு வயதிலேயே நோய்ப்பட்டது, அப்பாவிடமிருந்து வந்தது. சொல்லியிருந்தால் என்னை எந்தக் கலத்திலும் ஏற்றியிருக்க மாட்டார்கள். எனவே சொல்லவில்லை. என் நோயின் அளவையே நல்ல உடம்பின் அளவாக எழுதிவைத்தேன். எடையற்ற நிலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 190-ஐப் பார்த்த அந்த நிமிடமே இது எனக்குத் தெரியும்.
அப்பா ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. கணையம் கெட்டுவிட்டது என்றதும் தூத்துக்குடியில் எங்கள் தெருவே அவரைக் குடிகாரன் என்றது. அந்தச் சொல் ஒரு மனிதரை என்ன பாடுபடுத்தும் என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பார்த்தவளே அதைத் தூக்கி மீரான் மேல் போட்டேன். வெட்கத்தில் கண்ணாடிப் பக்கம் போக முடியவில்லை.

16:20
மீரான் வீட்டுக்கு ஒலிச்செய்தி பதிந்தார். அவர் விரலில் வலு இல்லை; பொத்தானை நான்தான் அழுத்திப் பிடித்தேன்.
"உம்மா, பயப்படாதிய. டாக்டரு ஒரு நிமிசம்கூட ஒறங்காம பக்கத்துலயே இருக்காவ. இவிய இல்லன்னா நேத்தே முடிஞ்சிருக்கும். ரொம்ப நன்றி டாக்டர்."
பதிவு முடிந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போது சொல்லியிருக்கலாம். அவரைப் படுக்கையோடு பிணைத்த பட்டையைச் சரிசெய்தேன்.

நாள் 207. 05:35
மீரான் இறந்தார்.

நாள் 209. 12:15
தளத்திலிருந்து: "விசாரணை முடிஞ்சது. காரணம் மது. சிப் மேல குறை இல்ல, அடுத்த நாலு கலத்துலயும் பொருத்துறோம். தைரியமா இருங்க டாக்டர்."
கூடவே மேலப்பாளையத்திலிருந்து மீரானின் தாயார் ஜுலைகா பீவியின் செய்தி: "மவளே, எம்புள்ள குடிச்சிச் செத்தான்னு சொல்லுதாவ. துக்கம் கேக்க வாரவிய மொகத்த என்னால ஏறிட்டுப் பாக்க முடியல. நீ கூடவே இருந்தவ. நீ சொன்னா நம்புதேன்."

14:02
ஜுலைகா பீவிக்கு அனுப்பியது, நகல் தளத்துக்கு: "அம்மா, ஒங்க மவன் குடிக்கல. ஸ்பிரிட்ட எடுத்தது நான். நோயாளி நான். என் ரத்தத்த வச்சி அளவப் போட்டேன், அதனாலதான் சிப்பு பச்சை காட்டுச்சு. அது தப்புன்னு தெரிஞ்சும் அஞ்சு நாளா பேசாம இருந்தேன். தளத்துல கேக்குறவங்க, எல்லைய அறுபதுக்கு எறக்குங்க. இப்பவே."
செய்தி போய்ச் சேரப் பதினொரு நிமிடம்.
14:13. இந்நேரம் கேட்டிருப்பார்.
14:40. பதில் இல்லை.
15:30. இல்லை.

15:52
சிப்பை நிறுத்திவிட்டோம் என்று தளம் சொல்கிறது. என்னைப் பற்றிச் சொன்னவற்றை இங்கே எழுதவில்லை, எல்லாமே நியாயம்தான். கடைசியில் ஜுலைகா பீவியின் குரல். அழவில்லை, ஏசவில்லை. ஒரே கேள்வி.
"இத அவன் உசுரோட இருக்கையில அவன்ட்ட சொன்னியா?"

16:30
பதிலை மூன்று முறை பதிந்து மூன்றையும் அழித்தேன். முதல் பதிவில் அவர் மயக்கத்தில் இருந்ததாகச் சொன்னேன். இரண்டாவதில், சொன்னால் தாங்கமாட்டார் என்று நினைத்ததாக. மூன்றாவது

16:41
அனுப்பியது: "சொல்லலம்மா. எனக்கு நன்றி சொன்னாவ. வாங்கிக்கிட்டேன்."