பந்து போகட்டும், ஆளை விடாதை

கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டுப் பிசகியதால், நேற்று முறிவு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரிடம் போனேன். அவர் போத்தலைத் திறந்ததும் அந்த எண்ணெய் மணம் வந்தது. உமது வீட்டு முன்னறையில் யோகன் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிய காலோடு கிடந்தபோது வந்த அதே மணம். பரியாரியார் கையை இழுத்தபோதுகூட எனக்குக் கத்தத் தோன்றவில்லை. வயது போய்விட்டது, நோவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

காங்கேசன்துறைத் துறைமுகத்தில் ஒன்றாக வேலை பார்த்தோம், ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். நம் ஊர்கள் அடுத்தடுத்தவைதான். உதைபந்தாட்டம் என்று வந்தால் மட்டும் கீரியும் பாம்பும். உமது மகன் யோகன் உங்கள் ஊருக்கு முன்வரிசையில் ஓடினான். என் மகன் இராசன் எங்கள் ஊருக்குப் பின்னால் நின்று மறித்தான். இருவருக்கும் பதினேழு வயது, இருவரும் வெறுங்கால். பந்தடி நாளில் நாம் எதிரெதிர்க் கோட்டோரங்களில் நிற்போம். மறுநாள் பஸ்ஸில் ஒருவரையொருவர் நக்கலடித்துக்கொண்டு போவோம்.

அந்த இறுதி ஆட்டம் முடியச் சில நிமிடங்கள்தான் இருந்தன. இரு பக்கமும் கோல் இல்லை. யோகன் பந்தை வெட்டியெடுத்துக்கொண்டு வந்தான். நான் கோட்டுக்கு உள்ளே காலை வைத்துக் கத்தினேன்: “பந்து போகட்டும், ஆளை விடாதை.” எங்கள் பக்கத்துத் தகப்பன்மார் எல்லோரும் கத்துகிற வார்த்தைதான். ஆளை மறித்து நில் என்பதுதான் அதன் பொருள். ஆனால் இராசன் என் சொல்லைத் தட்டாத பிள்ளை. பந்து போய்விட்டது, அவன் ஆளை விடவில்லை. யோகனின் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அன்றே இராசனைக் கையில் பிடித்துக்கொண்டு உமது வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வேலை நேரம் மாறிவிட்டது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சாட்டுச் சொல்லி மூன்று நாள் கடத்தினேன். நான்காம் நாள் நீர்தான் சைக்கிளில் வந்தீர். “என்ன காணும், யோகன் உம்மடை பொடியனைக் கேக்கிறான். கூட்டிக்கொண்டு வாரும்” என்றீர். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கட்டிலருகே இராசன் தலை குனிந்து நின்றான். நீர் மெதுவாகக் கேட்டீர்: “தம்பி, பந்து அங்காலை போனாப் பிறகு ஏன் காலைப் போட்டனி?”

அவன் ஒரு தரம் என்னைப் பார்த்தான். பிறகு, “தெரியேல்லை மாமா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றான். நீரும் என்னைப் பார்த்தீர். நானோ, அந்த எண்ணெய் எந்தப் பரியாரியாருடையது என்று விசாரித்தேன்.

யோகனின் கால் சற்று வளைந்தே பொருந்தியது. இராசன் அதன்பின் பந்தைத் தொடவில்லை. ‘காலுடைச்சான்’ என்று ஊரில் பட்டம் வைத்தார்கள். அதையும் சுமந்துகொண்டு கொழும்புக்கு வேலைக்குப் போனான். வருஷத்துக்கு ஒருமுறை வருகிறான், வேண்டியதற்கு மேல் என்னோடு கதைப்பதில்லை. பிள்ளையை விளையாட அனுப்பினால் மட்டும் போதாது. அங்கே அவன் செய்ததில் நம் பங்கு எது என்று சொல்லவும் தகப்பனுக்கு வாய் வேண்டும். எனக்கு அது கத்துவதற்கு மட்டும்தான் இருந்தது. இப்போதும் மைதானப் பக்கம் போனால் அதே கத்தல் கேட்கிறது. யாரையும் நிறுத்தி எதுவும் சொல்லத் தெம்பில்லை, திரும்பி வந்துவிடுகிறேன்.

நீர் கண்மூடி முப்பத்தோராம் நாள், உமது அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து ஆட்கள் போனபின் யோகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் திடுக்கிடவில்லை. “என்ரை ஐயா அண்டைக்கே நீங்கள் கத்தினதைக் கேட்டவர். உங்கடை குரல் அவருக்குத் தெரியாதே? அவர் ஒருநாளைக்குத் தானாச் சொல்லுவார், நீ கேட்டுப்போடாதை எண்டு சொல்லி வைச்சவர்” என்றான்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகும் எத்தனை வருஷம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்து வந்தீர். நான் வாய் திறந்து சொல்வதைக் கேட்பதற்காகக் காத்திருந்தீர் என்பது எனக்குத் தெரியவில்லை. நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இன்று இராசனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘அன்று மாமா கேட்டபோது பதில் சொல்லியிருக்க வேண்டியவன் நீயல்ல, நான்’ என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அந்த வரியை முதலில் கேட்டிருக்க வேண்டியவர் நீர். அதனால்தான் உமக்கு எழுதுகிறேன்.