மால கழட்டுன படம்

செவ்வாய்க்கிழம, ராத்திரி

இன்னிக்கு எம்புருசன கிள்ளான்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். மறதி நோய் வந்ததுலேர்ந்து பொழுது சாய்ஞ்சா "அண்ணன் எங்க?"ன்னு கேப்பாரு. இவரோட அண்ணன் செத்து எத்தனையோ வருசமாச்சு. லோரி ஓட்டுனவரு. ஜெஞ்சாரோம் பக்கம் போனா ஒரு வாழத்தார் இல்லாம திரும்பமாட்டாரு, தெருவுக்கே குடுப்பாரு. "அவரு செத்துட்டாருங்க"ன்னு நான் உள்ளதச் சொல்லுவேன். இவரு புதுசா கேட்ட மாதிரி நடுங்கி அழுவாரு. கொஞ்ச நேரத்துல மறந்துருவாரு, ஒண்ணும் ஆவாதுன்னு இருந்தேன்.

இதக் கேட்டதும் அந்த சின்ன வயசு டாக்டர் பொண்ணு சொன்னுச்சு, "ஆன்டி, அங்கிள் மறந்துருவாரு, ஒடம்பு மறக்காதுலா. பயந்தா ஒடம்புல ஒரு ஹார்மோன் ஊறும். போதும்னு மூளதான் அத நிறுத்தணும். அங்கிளுக்கு நிறுத்துற எடமே கெட்டுப்போச்சு."

வீட்டுக்கு வந்ததும் செவுத்துல மாட்டியிருந்த இவரோட அண்ணன் படத்துல இருந்த மாலையக் கழட்டுனேன். பொட்டையும் தொடச்சேன். மக பதறிட்டா. "ம்மா, பெரியப்பா படத்துல போய் கை வெக்கிறியே!"

"பெரியப்பா கோவிச்சுக்கமாட்டாருடி. உங்கப்பாவப் பாரு."

சாயங்காலம் இவரு கேட்டாரு. "செமினி பக்கம் லோடு எடுத்துட்டுப் போயிருக்காருங்க, வந்துருவாரு"ன்னேன். படத்த நிமிந்து பாத்தாரு. "வரட்டும், வாழத்தாரு கொண்டாருவாரு"ன்னு சிரிச்சாரு. அழுவல. சோறும் நல்லா சாப்ட்டாரு.

இப்ப பக்கத்துல படுத்திருக்காரு. நெஞ்சு மேல கைய வெச்சுப் பாத்தேன். தடதடன்னு அடிச்சிக்கிட்டே இருக்கு.

இன்னிக்கு அண்ணன் செத்தத இவருகிட்ட யாரும் சொல்லலியே.