இரவலாகப் போகும் சைக்கிள் சீட்

தோ பாயோ,
ஜூலை முதல் வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஹனீனுக்கு அம்மா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அத்தாவின் முழங்கால் மட்டும் மழை வந்தால் முணுமுணுக்கும், அது உனக்குத் தெரிந்ததுதான். நீயும் முனீராவும் அந்தக் குளிர்காற்றில் சைக்கிள் மிதித்து, சளி காய்ச்சல் இல்லாமல், பஞ்சர் இல்லாமல், ஒருவர் மேல் ஒருவர் கோபம் இல்லாமல் போய்ச்சேர வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். தினமும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டு எதற்கு ஒரு கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நீ கொட்டாவி விடுகிறாய், இல்லையென்றால் லைன் போய்விடுகிறது. நீ கேட்ட சைக்கிள் சீட்டை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன், கூடவே இதுவும் வரட்டும். நீங்கள் போகிற வழியில் ட்ரோம்சோவில் நீ சொன்ன கேம்ப் சைட் ஆபீசுக்குத்தான் அனுப்புகிறோம். அந்த ஊர்ப் பெயரில் ஓ எழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட வேண்டுமாமே, நேற்று தபால் லேபிள் வாங்கப் போன இடத்தில் அத்தா ஸ்கேல் வைத்துப் போட்டார், கவுன்டரில் இருந்த பெண் நாங்கள் தப்பாக எழுதி அடித்துவிட்டோம் என்று நினைத்து வேறு லேபிள் கொடுத்தாள். அத்தா அதிலும் கோடு போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

நீ சீட்டைக் கேட்ட அன்று நான் சரியாகப் பேசவில்லை. உனக்கே தெரிந்திருக்கும். பெர்கனுக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து உன் சாமான்கள் ஒவ்வொன்றாக இங்கிருந்து போய்க்கொண்டுதான் இருக்கின்றன. முதலில் போர்வை போனது, அப்புறம் இடியாப்பக் கட்டை, அப்புறம் அலமாரியில் இருந்த புத்தகங்கள். எல்லாவற்றையும் கட்டிக் கட்டி அனுப்பினேன். உன்னுடையது என்று இங்கே மிச்சம் இருந்தது கீழே ஸ்டாண்டில் நிற்கும் அந்தப் பச்சை சைக்கிள்தான். செப்டம்பரில் உன் கான்ட்ராக்ட் முடிகிறது, இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பதா, வீட்டுக்கே வந்துவிடுவதா என்று இந்தப் பயணம் முடிந்ததும் சொல்கிறேன் என்றாய். அப்படிச் சொன்ன பிள்ளை சைக்கிளின் சீட்டையும் கேட்டால் பெற்றவள் என்ன நினைப்பாள், திரும்பி வரப்போகிறவள் எதற்கு சீட்டைக் கழற்றச் சொல்கிறாள் என்றுதானே நினைப்பாள். புது சீட் கட்டை மாதிரி இருக்கிறது, தொடையெல்லாம் உரிகிறது, பழைய தோல் சீட் என் உடம்புக்குப் படிந்தது அம்மா என்று நீ விளக்கினாய். வலி எனக்குப் புரியாதா? ஆனாலும் போனை வைத்ததும் சமையலறையில் நின்று அழுதேன். அத்தா பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி டிவி சத்தத்தைக் கூட்டினார்.

உனக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. அந்த சைக்கிளை இப்போது நான் ஓட்டுகிறேன். நீ வரும்போது நேரில் ஓட்டிக் காட்டலாம் என்று இத்தனை நாள் வாயை அடக்கிக்கொண்டிருந்தேன். போன வருடம் காரிடாரில் எதுவும் வைக்கக் கூடாது என்று நோட்டீஸ் வந்தபோது யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார் அத்தா. நான் விடவில்லை. காற்றடித்துக் கீழே வைத்துவிட்டு வரலாம் என்று போனவள், பிளாக்குக்கு அடியில் திறந்து கிடக்கும் வாய்ட் டெக்கில் ஒரு சுற்று ஏறித்தான் பார்ப்போமே என்று ஏறினேன். ஓட்டக் கூடாது என்று போர்டு இருக்கிறது, தெரியும், நீ ஆரம்பிக்காதே. சின்ன வயதில் ஓட்டியது காலுக்கு மறக்கவில்லை. முனீராவின் அம்மா ஜைனப் எதிர் பிளாக்கிலிருந்து பார்த்துவிட்டாள், அவள் கண்ணுக்கு எதுதான் தப்பும். மறுநாளே மகனுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நின்றாள். அன்றிலிருந்து விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு இரண்டு பேரும் காலாங் ஆற்றோரமாகப் போய்வருகிறோம். நீங்கள் புறப்பட்டதிலிருந்து, போன் மேப்பில் உங்கள் நீலப் புள்ளி எது வரைக்கும் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பெடலில் கால் வைப்போம். உங்கள் புள்ளி நகராத நாளில் எங்களுக்கும் கால் ஓடாது.

போன மாதம் ஜைனப்புக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைகள் கூடாரத்தில் எப்படித்தான் படுக்கிறார்கள் என்று நாமும் பார்த்துவிடலாமே என்றாள். கூடாரம் போடப் பெர்மிட் எடுத்து, இரவல் கூடாரத்தை அவள் கேரியரில் கட்டி, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போய்ச்சேர்வதற்குள் வெயிலில் வதங்கிப்போனோம். எந்தக் கம்பி எங்கே போகும் என்று தெரியாமல் உள்பக்கத்தை வெளிப்பக்கமாக மாட்டி வைத்தோம். பக்கத்துக் கூடாரத்து மலாய் அம்மா சிரித்துக்கொண்டே வந்து பிரித்துத் திருப்பிக் கட்டிக் கொடுத்தார், சாப்பிட நாசி லெமாக்கும் கொடுத்தார். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுத கையோடு மழை கொட்டியது. ஜைனப் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் குறட்டை விட்டாள், முனீராவுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள். எனக்குத் தூக்கம் வரவில்லை. கூடாரத் துணியில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். அங்கே நீயும் இதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாய் என்று தோன்றியது. கையை நீட்டினால் உன் தலை தட்டுப்படும் போல இருந்தது ஹனீன். நீ போன பிறகு அவ்வளவு பக்கத்தில் நீ இருந்ததே இல்லை. லீவு முழுவதையும் ரோட்டில் செலவழிக்கிறாளே, வீட்டுக்கு வராமல் அப்படி என்ன இருக்கிறது அதில் என்று உன் மேல் கோபமாகத்தான் இருந்தேன். விடிந்ததும் கடலைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தபோது பாதிக் கோபம் போய்விட்டது. மீதியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சீட்டைக் கழற்றியது அத்தாதான், கம்பியை மட்டும் விட்டுவிட்டுக் கழற்ற வேண்டும் என்று நீ வீடியோவில் காட்டினபடியே செய்தார். ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இது ஒரு வருடமாக நான் உட்கார்ந்த சீட். உன் உடம்புக்குப் படிந்தது என்றாயே, இப்போது அது உன் அளவில் இருக்கிறதா, என் அளவில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்து பார், எங்காவது உறுத்தினால் அது நான்தான். அத்தா பார்சலைத் தன் சூட்கேஸ் கடைக்குக் கொண்டுபோய், பெட்டி வாங்க வருகிறவர்களுக்கு எடை பார்த்துக் கொடுப்பாரே, அந்தக் கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தார். சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், இங்கே வேலை செய்துவிட்டு ஊருக்குப் போகிற தம்பிகள் ஆளுக்கொரு பெரிய பெட்டியாகப் பார்த்து, சக்கரத்தை உருட்டி உருட்டிப் பார்த்து வாங்கிப் போகிறார்கள். அன்று வீட்டுக்கு வந்து சோற்றின் முன் உட்கார்ந்தவர் வெகுநேரம் சாப்பிடவே இல்லை. "வீட்டுக்குப் போற எல்லாருக்கும் பெட்டி விக்கிறேன், நம்ம புள்ளைக்கு ஒண்ணு விக்க முடியலையே லா" என்றார். அவர் இதை உன்னிடம் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

வா என்று நான் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். சொன்னால் எனக்காக வந்துவிடுவாய், வந்த பிறகு ஜன்னல் பக்கம் நின்று அந்த மலையையும் ரோட்டையும் நினைத்துக்கொண்டிருப்பாய், அதை என்னால் பார்க்க முடியாது. ஆனால் ஒரு பயத்தை மட்டும் சொல்கிறேன். சின்னப் பிள்ளையிலிருந்து உனக்கு நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான், எங்கே போனாலும் மஃரிபுக்குள் வீட்டில் இருக்க வேண்டும். நீயும் தட்டியதில்லை. அங்கேயும் அதே பழக்கத்தில், வெளிச்சம் இருக்கிறதே இன்னும் ஓட்டலாம் என்று ஓட்டிக்கொண்டே போய், கடைசியில் முனீரா ரோட்டோரத்தில் உட்கார்ந்து இனி ஒரு அடி வர மாட்டேன் என்று அழுதாளாமே, ஜைனப் சொன்னாள். பொழுதே சாயாத ஊரில் அம்மாவின் சட்டம் என்னத்துக்கு ஆகும். கேட்டுச் சிரித்தேன், அப்புறம் போனை எடுத்து உங்கள் புள்ளியைத் தேடினேன். பொழுது சாயவில்லை என்றால் வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது என்று என் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? இங்கே தினமும் ஏழு மணி வாக்கில் இருட்டிவிடுகிறது ஹனீன். தினமும் அந்த நேரத்துக்கு என் கண் தானாக வாசலுக்குப் போகிறது. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

முனீராவை விட்டு முன்னால் போகாதே, அவள் மெதுவாகத்தான் வருவாள், பிடிவாதமும் உண்டு, நீதான் அனுசரித்துப் போக வேண்டும். கருவாட்டுச் சம்பல் இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறேன், ஒன்று அவளுக்கு, கூடாரத்துக்குள் திறக்காதே, வாசனைக்கு எந்த மிருகம் வருமோ. அல்லாஹ் உங்கள் இருவரையும் வடகோடி வரைக்கும் சுகமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பானாக, உன் மனதுக்கு எது நல்லதோ அதை லேசாக்கி வைப்பானாக, அத்தாவும் உன் தலையில் கை வைத்து துஆ செய்ததாக எழுதச் சொன்னார்.

மறந்துவிடாதே, சீட் உன்னுடையதுதான், ஆனால் இப்போது இரவலாகத்தான் கொடுத்திருக்கிறேன். வேலையை நீட்டிப்பதானாலும் சரி, இல்லையானாலும் சரி, அது திரும்பி வர வேண்டும். பார்சலில் அனுப்பினால் வாங்க மாட்டேன், நீயே கையில் கொண்டுவந்து மாட்ட வேண்டும். ஃபேரர் பார்க் சைக்கிள் கடை வெங்கட், வேறு மெத்து சீட் இருக்கிறது அக்கா, உடனே மாட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க அந்தக் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி வைத்திருக்கிறேன். காலையில் ஜைனப் மெதுவாக ஓட்டிக்கொண்டு வருகிறாள், நான் பக்கத்தில் உன் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கிறேன்.

உன் வழியையே பார்த்திருக்கும் அம்மா,
சம்சுன்னிசா