ஏழாம் மாடியில் நின்றிருந்த ரோபோ

என் கலாக் கண்ணுக்கு,

உன் ரோபோ அழிந்த அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: உன் வீட்டுக்காரன் மாதேஷ். உன் மகள் நித்யா. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கப் பாகலூரிலிருந்து வந்த மஞ்சுநாத். வாசல் வரைக்கும் வந்து என்னைக் கூப்பிட்ட பக்கத்து வீட்டு கௌரம்மா. அப்புறம் நான், உன் மாமியார் முனியம்மா. யாரையும் விடவில்லை, யாரையும் சேர்க்கவும் இல்லை.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்ற படிப்பு எனக்கு, எழுத்து கோணும். ஞாபகம் கோணாது, அது உனக்கே தெரியும். உங்கள் கல்யாணத்தில் உங்கள் ஊர் ஆட்கள் என் இலையில் அப்பளம் வைக்காமல் போனதை நீ இருந்த வரைக்கும் சொல்லிக் காட்டியவள் நான். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்தவள், வந்த இடத்தில் என் மகனைப் பிடித்துக்கொண்டாள் என்று தெருவெல்லாம் பேசினவளும் நான்தான். அப்புறம் உன்னோடு ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ரோபோ ஓட்டினேன். இதை யாராவது நம்புவார்களா?

உட்கார்ந்து எழுத முடியவில்லை, கலா. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறேன், அடுப்பில் ஒன்றும் இல்லை, திரும்பி வருகிறேன். மதியம் கரண்ட் போய்விட்டது. எப்போது வரும் என்று மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

படிக்கிறவர்களுக்கு அது என்ன ரோபோ என்று சொல்லிவிடுகிறேன். அது ஒரு விளையாட்டு. பூமிக்குள்ளே மாடி மாடியாக ஒரு பெரிய கம்பெனி. நம்முடைய ரோபோ அடியில் கிடக்கும், கை இல்லை, கால் இல்லை, வெறும் இரும்புக் குண்டு. வழியில் கிடக்கிற பாகங்களை எடுத்து மாட்டிக்கொண்டு மேலே ஏறி வெளியே வர வேண்டும். எட்டாம் மாடிதான் கடைசி. கண்ணுக்கு அழகாக ஒன்றும் தெரியாது, எழுத்தும் கோடும் புள்ளியும்தான். நாம் ஓர் அடி வைத்தால்தான் எதிரியும் ஓர் அடி வைப்பான். நாம் சும்மா இருந்தால் உலகமே சும்மா இருக்கும். செத்தால் செத்ததுதான். சேமித்து வைத்திருப்பதையும் அந்த விளையாட்டே அழித்துவிடும். மறுபடியும் அடியிலிருந்து தொடங்க வேண்டும், அப்போது மாடியின் வழி எல்லாம் மாறிப் போயிருக்கும்.

நீ பிரவுசிங் சென்டரில் அதை இறக்கி, சிடியில் போட்டுக் கொண்டுவந்தாய். அதுவரைக்கும் நீ நின்றுகொண்டே வேலை செய்தவள். கம்பெனியில் சர்க்யூட் போர்டில் சின்னச் சின்னப் பாகமாகச் சொருகுகிற லைன். ரத்தத்தில் நோய் என்று சொல்லி வீட்டில் உட்கார வைத்த பிறகு, உன் விரல் சும்மா இருக்கவில்லை. முறத்தில் அரிசியைக் கொட்டினால் கல்லைப் பொறுக்கி வரிசையாக அடுக்குவாய். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

முதலில் நான் பின்னால் நின்று திட்டினேன். அப்புறம் நின்று பார்த்தேன். அப்புறம் சொல்ல ஆரம்பித்தேன்.

"அதோ துப்பாக்கி கிடக்குது, எடுடி."

"வேணாம் அத்தே. முதல்ல கண்ணு மாட்டணும். எவன் எங்கிட்டு இருந்து வாரான்னு தெரியாம துப்பாக்கிய வச்சு என்ன செய்ய?"

"எல்லாத்தையும் எடுத்துக்கினு போ. பின்னால உதவும்."

"நீங்க ரேஷன் கடைக்குப் போற மாதிரியே இருக்கு. பாரம் ஏறினா கால் மெதுவாகும். மெதுவானா செத்தோம்."

நீ ஓடுகிறவள். காவல் ரோபோவைப் பார்த்தால் சுவரோரம் ஒதுங்கிப் போவாய். அபாயச் சங்கு ஊதிவிட்டால் வந்த வழியில் திரும்பவே மாட்டாய், எல்லோரும் அந்த வழியாகத்தான் வருவார்கள் என்பாய். நல்ல பாகத்தை உள்ளே வைத்துக்கொண்டு, உடைந்தாலும் பரவாயில்லை என்கிற தகரத்தை எல்லாம் வெளியே மாட்டுவாய். அடி விழுந்தால் முதலில் அது போகட்டும் என்று. இன்னும் ஒன்று சொல்லுவாய், மாற்றுக் கால் ஒன்று கையில் இல்லாமல் மாடி ஏறக்கூடாது என்று.

எனக்கு அந்தப் பொறுமை எல்லாம் இல்லை. மூன்றாம் மாடியில் ஒரு வெட்டுக்கத்தி ரோபோ என் காலை ஒடித்துவிட்டது. படிக்கட்டு பக்கத்தில்தான் இருந்தது. நான் ஏறவில்லை. அவனைத் தேடித் திரும்பிப் போனேன்.

"அத்தே, எங்கிட்டுப் போறீங்க?"

"என் காலை ஒடிச்சவனை விட்டுட்டு மேல போகச் சொல்றியா?"

"அது ரோபோ அத்தே. அதுக்கு உங்கள ஞாபகம் கூட இருக்காது."

"எனக்கு இருக்குது இல்ல."

போய்ச் செத்தேன். நீ சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, அப்புறம் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. ஆனால் அவனையும் கூட்டிக்கொண்டுதான் செத்தேன், அதை நீ ஒத்துக்கொண்டாய்.

நான் சொல்லி நீ கேட்டது ஒன்று உண்டு. என் தாய்வீடு சானமாவு காட்டோரம். ராகி முற்றுகிற சமயத்தில் யானை இறங்கினால் எங்கப்பா முதலில் அரிக்கேனை அணைப்பார். மூச்சை அடக்கி மேட்டோரம் நிற்போம், கூட்டம் அது பாட்டுக்குப் போகும். அதையே உனக்குச் சொன்னேன். "எல்லாத்தையும் அணைச்சிட்டு மூலையில நில்லு." வேட்டை ரோபோக்கள் கூட்டமாக வந்த நேரம் அது. நீ துப்பாக்கியை அணைத்தாய், கண்ணை அணைத்தாய், வெறும் குண்டாக நின்றாய். பக்கத்திலேயே ஒவ்வொன்றாகக் கடந்து போயின. "யானை வித்தையா அத்தே இது" என்று நீ என் தொடையில் தட்டினாய். மாமியார் தொடையில் தட்டுகிற மருமகளை அதுவரைக்கும் நான் கண்டதில்லை.

அப்படித்தான் அந்த ரோபோ ஏழாம் மாடிக்கு வந்தது. அதற்கு முன்னால் நாம் அவ்வளவு உயரம் போனதே இல்லை. ஒரு கால் போய்விட்டது, மாற்றுக் காலும் போய்விட்டது, பேட்டரி சின்னது. ஆனால் இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன, எட்டாம் மாடிக்கான படிக்கட்டு கண்ணுக்கெதிரே இருந்தது. மாதேஷ் வெளியே வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு உன்னை அன்றைக்குச் சேர்க்க வேண்டும்.

"ஏறிடுடி, ஒரு நிமிஷம்தான்," என்றேன்.

"வேணாம் அத்தே. அவசரத்துல ஏறினா செத்துரும். இது இங்கனயே நிக்கட்டும். நான் வந்து ஏறிக்கிறேன். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது, நீங்களும்தான்."

சேமித்துவிட்டு எழுந்தாய். அத்திப்பள்ளி தாண்டிப் போன வேனில் நீ திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு நான் தினமும் மதியம், கரண்ட் இருக்கிற நேரத்தில், அதைத் திறந்து பார்ப்பேன். ஒரு பொத்தானையும் தொட மாட்டேன். அது அப்படியே நிற்கும், படிக்கட்டு எதிரே, ஒற்றைக் காலோடு. அதைச் சுற்றி இருந்த உலகமும் நின்றது. பார்த்துவிட்டு மூடிவிடுவேன். சோறு போட மறந்தாலும் அதை மறந்ததில்லை. ஏன் பார்த்தேன் என்று கேட்டால் என்ன சொல்லுவேன்? நீ வைத்த அடி அது. அதற்கப்புறம் நீ வேறு அடி வைக்கவில்லை.

மாதேஷுக்கு அது பிடிக்கவில்லை. கம்பெனி ஆட்களை இறக்கிவிட்டு வேனை நிறுத்திவிட்டு உள்ளே வருவான், திரையைப் பார்ப்பான், பின்பக்கம் போய்விடுவான். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இப்போது அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறிவிட்டது. திறந்தால் தானாக அணைந்தது. நித்யா பள்ளிக்கூடத்துக்கு ஏதோ செய்ய வேண்டும் என்றாள். மஞ்சுநாத்தை வரச் சொன்னோம். நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு என்ன சீக்கு வந்தாலும் ஒரே வைத்தியம்தானே, உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்து அழிக்கிற ஃபார்மேட். திரை நடுங்கினால் ஃபார்மேட், பாட்டு வரவில்லையென்றால் ஃபார்மேட். முன்பு ஒரு தடவை அவன் அப்படிச் செய்தபோது நீ முதலிலேயே உன் விளையாட்டைப் பிளாப்பியில் எடுத்து வைத்துக்கொண்டாய். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஆகையால் எனக்குத் தெரியும். காலையிலேயே மாதேஷிடம் சொன்னேன்.

"டேய், கலாவோட ரோபோவை எடுத்து வைக்கச் சொல்லிட்டு அப்புறம் ஃபார்மேட் பண்ணச் சொல்லு."

"சரிம்மா."

"சரிம்மா இல்ல. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"சொல்றேன்மா. போ."

மஞ்சுநாத் வந்து பெட்டியைக் கழற்றித் தூசி ஊதிக்கொண்டிருந்தான். அவனிடமும் நானே சொல்லியிருப்பேன். அதற்குள் கௌரம்மா வாசலில் நின்று, "நீரு பந்த்து, பேக பா," என்றாள். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, சீக்கிரம் வா என்று. அஞ்சு நாளைக்கு ஒரு தரம் வருகிற தண்ணீர். குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். சொல்ல வேண்டியவனிடம் சொல்லியாயிற்று என்று ஓடினேன்.

குடமெல்லாம் நிரப்பி உள்ளே வந்தபோது திரை நீலமாக, புதுசாக, பளபளவென்று இருந்தது. மஞ்சுநாத் கிளம்பிக்கொண்டிருந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து தேடினேன். திரை ஓரத்தில் நீ வைத்திருந்த, விளையாட்டைத் திறக்கிற அந்தக் குட்டிப் படம் இல்லை. உள்ளே இல்லை. எங்கேயும் இல்லை.

"எங்கடா?"

மாதேஷைத்தான் கேட்டேன். மஞ்சுநாத் அவனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சங்கடப்பட்டு, "நான் கேட்டேனே அஜ்ஜி," என்றான், அவன் பாஷையில் அஜ்ஜி என்றால் பாட்டி. "எடுத்து வைக்கறதுக்கு ஏதாவது இருக்கான்னு கேட்டேன். இல்லன்னாரு."

நித்யாதான் முழுசையும் சொன்னாள், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. "ரெண்டு தடவை கேட்டாங்க பாட்டி. அம்மாவோட கேம் இருக்குதுன்னு நான் சொன்னேன். அப்பா என்னை உள்ள போகச் சொல்லிட்டாரு. எல்லாத்தையும் அழிச்சிடுன்னு சொன்னாரு."

மறதியாக இருந்திருந்தால் நான் இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பேன். அவன் மறக்கவில்லை. குழந்தை ஞாபகப்படுத்தியும் செய்திருக்கிறான்.

மஞ்சுநாத் போன பிறகு கேட்டேன். "ஏண்டா செஞ்ச?"

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அது அங்கயே நின்னுக்கினு இருக்குதும்மா. நான் வேலை முடிஞ்சு வர்றேன், அது நிக்குது. நீ அது முன்னால உக்காந்துக்கினு இருக்கற. எத்தினி நாளைக்கு?"

"உன் தோள்ல ஏறியாடா நின்னுச்சு?"

"ஆமாம்மா. அப்படித்தான் இருந்துச்சு."

அவன் அழுதான். பார்த்தேன். நான் பெற்றவன், அவன் அழுவது எனக்குப் புதுசில்லை. அவனுக்கும் துக்கம், எனக்குத் தெரியாதா? உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் ஓடினவன் அவன்தான். அதையும் நான் மறக்கவில்லை. கௌரம்மா இரண்டு மூன்று தரம் வந்து சொல்லிவிட்டாள், "ஹோக்லி பிடம்மா, மக தானே." விட்டுவிடு, உன் மகன்தானே என்று. மகன் என்பதால்தான் விட முடியவில்லை என்று அவளுக்கு எந்த பாஷையில் சொல்ல? வேற்று ஆள் அழித்திருந்தால் அறியாமல் செய்தான் என்று இருந்திருப்பேன். இவன் உன்னை அறிந்தவன். உன் துக்கத்தை நீ எப்படி வேண்டுமானாலும் படு என்று அவனை நான் விட்டிருந்தேன். என் துக்கத்தை ஏன் அவன் தொட்டான்?

நானே ஏழாம் மாடியிலிருந்து ஏற்றியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. செத்திருந்தாலும் ஓர் அடி வைத்துச் செத்திருக்கும். நீ தொடக்கூடாது என்றாயே, அது எத்தனை காலத்துக்குச் சொன்னது? நீ வருகிற வரைக்குமா? வரமாட்டாய் என்று ஆன பிறகு அந்தச் சொல்லுக்கு என்ன கணக்கு? பதில் சொல்ல நீ இல்லை.

போன வாரம் மஞ்சுநாத் தானாகவே வந்து அந்த விளையாட்டை வேறு சிடியில் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தான். டீ கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனான். நான் தொடங்கிவிட்டேன், கலா. முதல் ரோபோ முதல் மாடியிலேயே போனது. அடுத்தது சங்கு ஊதின பிறகு வந்த வழியிலேயே திரும்பிச் செத்தது, நீ சொன்னது சரிதான். இப்போது முதலில் கண்ணைத் தேடுகிறேன். தகரத்தை வெளியே மாட்டுகிறேன். பாரம் ஏற்றுவதில்லை. துப்பாக்கி கிடந்தால் மட்டும் கை துறுதுறுக்கிறது, பாதி நேரம் எடுத்துவிடுகிறேன். நேற்றைக்கு ஐந்தாம் மாடியில் ஒரு ரோபோ என் கண்ணை உடைத்தது. திரும்பிப் போய் அவனை உடைக்கலாம் என்று ஓர் அடி வைத்தேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன், அங்கேதான் யோசிக்க நேரம் உண்டே. அவனை விட்டுவிட்டுப் படி ஏறினேன். ரோபோவை விடலாம். அதுவரைக்கும் வந்திருக்கிறேன்.

நித்யா பக்கத்தில் வந்து உட்காருகிறாள். அவளுக்கு உன் விரல். "விடுங்க பாட்டி, நான் போறேன்" என்று பொத்தானைப் பிடுங்குகிறாள், நான் கொடுப்பதில்லை.

மாதேஷுக்குச் சோறு போடுகிறேன், காக்கிச் சட்டையைத் துவைத்துக் காயப்போடுகிறேன். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், கேட்காததைப் பேசுவதில்லை.

கரண்ட் வந்துவிட்டது, மின்விசிறி சுற்றுகிறது. எழுந்து போக வேண்டும், என் ரோபோ ஆறாம் மாடி வாசலில் நிற்கிறது. உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கலா. அந்த எட்டாம் மாடியில் என்ன இருக்கிறது என்று நாம் இரண்டு பேரும் பார்க்கவில்லை. எத்தனை ரோபோ செத்தாலும் சரி, அதை நான் பார்ப்பேன். படிக்கட்டு எதிரே வந்தால் நிறுத்தி வைக்க மாட்டேன், ஏறிவிடுவேன். வெளியே போகிற கதவு ஒன்று அங்கே இருந்தால், அதைத் தாண்டுகிற முதல் அடி உன்னுடையது என்று எண்ணிக்கொண்டு வைப்பேன்.

உன் அத்தை,
நித்யாவின் பாட்டி முனியம்மா.

யாரை மன்னிக்கவில்லை என்று ஊர் கேட்டால் பெயரையே சொல்வேன்: நான் பெற்ற மாதேஷ்.